இலண்டன் கையேடும் கொழும்பு நோயாளியும்: லுக்கேமியா வகைகள் நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்?

கொழும்பில் ஒருவருக்கு லுக்கேமியா, அதாவது குருதிப் புற்றுநோய், என்று உறுதியானால், இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ சொந்தக்காரர் யாராவது வட்ஸ்அப்பில் ஒரு கையேட்டை அனுப்பிவிடுவார்கள். வளர்ந்தவர்களில் அதிகம் காணப்படும் லுக்கேமியா சி.எல்.எல். என்ற வகை, எழுபது வயதை அண்டியவர்களுக்கே பெரும்பாலும் வரும், பலருக்கு உடனே சிகிச்சை தேவைப்படாது என்று அதில் இருக்கும். அந்த நாட்டுக்கு அது சரியான தகவல். நாற்பது வயதில் சி.எம்.எல். என்ற இன்னொரு வகை என்று சொல்லப்பட்ட வெள்ளவத்தைக்காரர் அதை வாசித்தால், தனக்கு ஏதோ விபரீதமாக நடந்துவிட்டது என்றுதான் நினைப்பார். உண்மையில் தெற்காசியாவில் சி.எம்.எல். நோயாளியின் வழக்கமான வயதே அதுதான்.

லுக்கேமியா என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. என்பு மச்சையில் குருதிக்கலங்கள் உருவாகும் பாதையில் எந்தக் கலம், எந்தக் கட்டத்தில் கெட்டுப்போனது என்பதைப் பொறுத்து நான்கு பெரும் பிரிவுகள் உண்டு. நிணநீர்க் கலங்களில் விரைவாகப் பெருகுவது ஏ.எல்.எல்.; மெதுவாகப் பெருகுவது சி.எல்.எல். மச்சைக்கலங்களில் விரைவானது ஏ.எம்.எல்.; மெதுவானது சி.எம்.எல். இவற்றுக்குக் கீழே இன்னும் டசின் கணக்கில் உட்பிரிவுகள் இருக்கின்றன. உலகளாவிய புற்றுநோய்க் கணிப்பான குளோபோகான், 2020இல் ஏறத்தாழ 474,000 புதிய லுக்கேமியா நோயாளிகள் என்று சொல்லும்போது இவை அனைத்தையும் ஒரே தலைப்பில் கூட்டிவிடுகிறது. அந்தக் கூட்டுத்தொகையை வைத்து வரையும் உலக வரைபடத்தில் நாடுகளுக்கிடையிலான உண்மையான வித்தியாசம் மறைந்துபோகிறது.

வித்தியாசங்களுக்குக் காரணம் மூன்று விதமாக இருக்கலாம். முதலாவது, அந்த நாட்டு மக்களின் வயது; இரண்டாவது, எண்ணப்பட்டவர்கள் யார், எண்ணப்படாமல் போனவர்கள் யார் என்பது; கடைசியாக, உடலில் உள்ள பரம்பரை அல்லது ஒரு கிருமி. ஒரு புள்ளிவிவரத்தைப் பார்த்ததும் மூன்றாவதற்குத் தாவிவிடுவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. "எங்கள் ஆட்களுக்கு இந்த நோய் வராது", "தமிழருக்கு இது கூட" போன்ற பேச்சுகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

சி.எம்.எல். இந்தப் பிழைக்கு நல்ல உதாரணம். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி, பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற ஒட்டுப் பரம்பரையலகு உருவாவதே நோயின் தொடக்கம். பிலடெல்பியா நிறமூர்த்தம் என்று 1960இல் அறியப்பட்ட இந்த மாற்றம் உலகில் எந்த இனத்தவரிடமும் ஒன்றேதான். ஐரோப்பாவில் நோயாளிகளின் இடைநிலை வயது அறுபதை ஒட்டியது. இந்தியாவில் அது 35க்கும் 40க்கும் இடையில். இதைப் பார்த்து இந்தியர்களுக்கு நோய் இளமையிலேயே தாக்குகிறது என்று முடிவுகட்டுவது அவசரம். ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 சதவீதம். இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் 60 வயதைத் தாண்டியவர்களே 12.4 சதவீதம்தான், இந்தியாவில் அதைவிடக் குறைவு. வயதானோர் குறைவாக உள்ள நாட்டில் எந்த நோயை எடுத்தாலும் நோயாளிகளின் இடைநிலை வயது கீழே இறங்கும். வயதுக்கு வயது நோய் வரும் வீதம் இரு நாடுகளிலும் ஒன்றாகவே இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். இத்துடன், நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் பயணம் செய்து வரக்கூடியவர் இளையவர்; வீட்டிலேயே தங்கிவிடுபவர் முதியவர். அந்த முதியவர் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வயது வித்தியாசம் முழுவதையும் இவையிரண்டும் விளக்கிவிடும் என்று சொல்ல முடியாது, பெரும்பகுதியை விளக்கும். ஆகவே இரு நாடுகளை ஒப்பிடும்போது, வயதைச் சமப்படுத்திக் கணித்த வீதமா, வெறும் எண்ணிக்கையா என்பதை முதலில் பார்க்கவேண்டும். இலங்கை வேகமாக முதுமையடைந்து வருவதால், முதியவர்களின் நோயான ஏ.எம்.எல். இங்கே எண்ணிக்கையில் கூடத்தான் போகிறது. அதற்காக நாட்டுக்குள் புதிதாக ஏதோ விஷம் வந்துவிட்டது என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை.

சி.எல்.எல். கதை வேறு. மேற்கு நாடுகளில் லுக்கேமியா நோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்த வகையினர். அமெரிக்காவில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு நால்வர், ஐவர் என்ற அளவில் வருகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் வயதைச் சமப்படுத்திய பின்னரும் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. உலகின் மிக முதிய மக்கள்தொகை ஜப்பானுடையது. பரிசோதனை வசதிக்கும் அங்கே குறைவில்லை. எனவே முதல் இரண்டு காரணங்களும் இங்கே எடுபடா. முடிவான சான்று புலம்பெயர்ந்தவர்களிடமிருந்து வந்தது. ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் ஜப்பானிய, சீன வம்சாவளியினர் அமெரிக்கச் சாப்பாட்டைச் சாப்பிட்டு அமெரிக்கக் காற்றைச் சுவாசித்தாலும், அவர்களின் சி.எல்.எல். வீதம் தாழ்வாகவே நிற்கிறது. வயிற்றுப் புற்றுநோயில் இப்படி இல்லை. ஜப்பானியர் அமெரிக்காவில் குடியேறியதும் அந்த வீதம் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கியது. சூழல் மாறினால் மாறும் நோய் அது, சி.எல்.எல். மாறவில்லை. இந்நோயாளியின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளுக்கு அதே நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்பதும் பரம்பரையின் பக்கமே கைகாட்டுகிறது. நோய்க்கு வழிவிடும் பரம்பரைக் கூறுகள் நாற்பதுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் வலுவானவை சில, ஐ.ஆர்.எஃப்.4 அருகிலுள்ளது போல, ஐரோப்பியரில் பரவலாகவும் கிழக்காசியரில் குறைவாகவும் இருக்கின்றன.

தெற்காசியர் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிற்கிறார்கள். பிரித்தானியாவில் வாழும் தெற்காசிய வம்சாவளியினருக்கும் வெள்ளையரைவிட சி.எல்.எல். குறைவு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. அறுபது, எழுபது வயதானவருக்கு வேறு எதற்கோ எடுத்த எஃப்.பி.சி.யில் (குருதிக்கலங்களை எண்ணும் வழமையான சோதனை) நிணநீர்க் குழியங்கள் கூடியிருந்தால், "ஏதோ இன்ஃபெக்ஷன்" என்று ஒருமுறை விடலாம். சில வாரங்களின் பின்னர் மீண்டும் எடுத்தும் எண்ணிக்கை லீற்றருக்கு 5 × 10⁹க்கு மேலேயே நின்றால், கலங்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைற்றோமெற்றிச் சோதனை வரை போகத்தான் வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் அப்படி நிற்பதும், அந்தக் கலங்கள் ஒரே மூலத்திலிருந்து வந்த பி கலங்கள் (நிணநீர்க் கலங்களில் ஒரு வகை) என்று காட்டுவதும்தான் நோயின் வரையறை.

மூன்றாவது காரணத்துக்குள் பரம்பரையைப் போலவே தோற்றம் காட்டும் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. 1977இல் ஜப்பானிய வைத்தியர் தக்காட்சுகி ஒரு விசித்திரமான லுக்கேமியாவை விவரித்தார். நோயாளிகளில் பெரும்பாலானோர் தென்மேற்கு ஜப்பானின் கியூஷூ தீவில் பிறந்தவர்கள். நுணுக்குக்காட்டியில் அவர்களின் டி கலங்களின் (நிணநீர்க் கலங்களில் இன்னொரு வகை) கரு, இதழ் விரித்த பூப்போலப் பல மடல்களாகப் பிரிந்து தெரிந்தது. ஒரே பகுதி, ஒரே குடும்பங்கள் என்றதும் பரம்பரை நோய் என்றே யாருக்கும் தோன்றும். காரணம் ஒரு வைரசு. எச்.டி.எல்.வி.-1 என்ற அது தாய்ப்பாலிலும் உடலுறவிலும் இரத்தத்திலும் பரவுகிறது. கரீபியத் தீவுகள், ஆபிரிக்காவின் சில பகுதிகள், தென்னமெரிக்கா, ஈரானின் மஷ்ஹத், அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதிப் பழங்குடியினர் என்று திட்டுத்திட்டாக அது இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் தொற்றியவரின் உடலில் பல பத்தாண்டுகள் சும்மா கிடந்து, அவர்களில் நூற்றுக்கு இருவர் முதல் ஐவர் வரையானோருக்கு மட்டும் லுக்கேமியாவாக மாறுகிறது. நாகசாகியில் 1987இல் தொடங்கிய திட்டத்தில் தொற்றுள்ள தாய்மாருக்குத் தாய்ப்பாலைத் தவிர்க்கும்படி ஆலோசனை கூறப்பட்டது. பிள்ளைகளுக்குத் தொற்றுவது ஐந்தில் ஒன்று என்ற அளவிலிருந்து நூற்றுக்கு இரண்டு மூன்றாக இறங்கியது. குடும்பத்தில் இறங்கிவரும் எல்லாமே பரம்பரையலகில் எழுதப்பட்டதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று லுக்கேமியாவில் இல்லை.

இனிக் குழந்தைகள். இலங்கையிலும் குழந்தைப் புற்றுநோய்களில் முதலிடம் லுக்கேமியாவுக்குத்தான். அதில் பெரும்பகுதி ஏ.எல்.எல். செல்வந்த நாடுகளில் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் இந்நோய் கூர்மையாக உச்சம் தொடுகிறது. இந்த உச்சம் எப்போதும் இருந்ததல்ல. பிரித்தானியாவில் 1920களிலும், அமெரிக்க வெள்ளையரிடையே 1930களிலும், அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே 1960களிலும்தான் அது தலைகாட்டியது. பிறந்த முதல் ஆண்டில் சாதாரணத் தொற்றுகளைச் சந்திக்காமல் வளரும் குழந்தையின் நோயெதிர்ப்புத் தொகுதி, பிறகு வரும் தொற்றுக்கு முறைதவறி எதிர்வினை காட்டுவதால் இது நேர்கிறது என்பது பிரித்தானிய ஆய்வாளர் மெல் கிரீவ்ஸ் முன்வைக்கும் விளக்கம். அதற்கு ஆதரவு வலுத்து வருகிறது.

இந்திய வைத்தியசாலைகளின் தரவுகளில் டி கல ஏ.எல்.எல். மேற்கைவிடக் கூடுதலான பங்கு பிடிக்கிறது. மேற்கில் 10 முதல் 15 சதவீதம். இந்தியாவில் பல ஆய்வுத் தொடர்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். தெற்காசியருக்கு டி கல நோய் வரும் ஆபத்து அதிகம் என்று இதை வாசிக்கக்கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து இலட்சம் பிள்ளைகளில் 35 பேருக்கு பி கல நோய், 5 பேருக்கு டி கல நோய் என்றால் டி கலத்தின் பங்கு 12.5 சதவீதம். பி கல உச்சம் இல்லாத இன்னோர் ஊரில் பி கல நோய் 15 ஆக இறங்கி, டி கல நோய் அதே 5ஆக நின்றால் பங்கு 25 சதவீதமாகிவிடும். டி கல நோயாளி ஒருவர்கூடக் கூடவில்லை. பங்கையும் வீதத்தையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட செய்திகள் ஏராளம்.

கண்டுபிடிக்கப்படாமலே போகும் பிள்ளைகளும் இங்கேதான் கணக்கைக் கெடுக்கிறார்கள். உலகில் 2015இல் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 43 சதவீதமானோர் நோய் இன்னதென்று அறியப்படாமலே விடப்பட்டிருப்பார்கள் என்று 2019இல் வெளியான ஒரு மாதிரிக் கணிப்பு சொல்கிறது. குருதிச்சோகை, காய்ச்சல், நிமோனியா என்று எழுதப்பட்ட மரணங்களுக்குள் லுக்கேமியாவும் கலந்திருக்கும்.

கொழும்பில் அந்த இடத்தில் நிற்பது டெங்கு. நாடு முழுவதும் 186,101 நோயாளிகள் பதிவான 2017 போன்ற ஆண்டில், காய்ச்சலும் குறைந்த பிளேட்லெட்டும் உள்ள பிள்ளையை எவரும் முதலில் டெங்கு என்றே பார்ப்பார்கள், அதில் பிழையில்லை. கவனிக்கவேண்டியது அடுத்து நடப்பதைத்தான். டெங்குவின் ஆபத்தான கட்டத்தில் குருதி செறிவடைவதால் பி.சி.வி. (குருதியில் செங்குழியங்களின் பங்கு) மேலே போகும், குருதிக்கசிவு இல்லாவிட்டால் ஹீமோகுளோபின் விழாது. லுக்கேமியாவில் பெரும்பாலும் ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் சேர்ந்தே இறங்கியிருக்கும். டெங்குவில் ஒன்றரை வாரத்துக்குள் பிளேட்லெட் தானாக ஏறிவிடும். ஏறாமல் நின்றால், அல்லது பிள்ளை வெளிறிப்போய், கால் எலும்பு நோகிறது என்று நடக்க மறுத்தால், கழுத்திலோ வயிற்றிலோ வீக்கம் தெரிந்தால், இயந்திரம் தரும் எஃப்.பி.சி.யோடு நிற்காமல் பிளட் பிக்சர் கேட்கவேண்டும். முதிராத கலங்களை இயந்திரம் சிலவேளை சாதாரண நிணநீர்க் குழியங்கள் என்றே எண்ணிவிடும். கண்ணாடித் தட்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் வைத்தியரின் கண்ணுக்கு அவை தப்பா. இந்த நேரத்தில் காய்ச்சலைக் குறைக்கவென்று ஸ்டெரொயிட் கொடுப்பது பெரிய கேடு. ஏ.எல்.எல். கலங்கள் சில நாட்களுக்குக் கரைந்து, பிள்ளை தேறியதுபோலத் தோன்றும், நோயறிதல் தள்ளிப்போகும்.

பரம்பரையின் பங்கு குழந்தைகளிலும் உண்டு. அமெரிக்காவில் ஏ.எல்.எல். அதிகம் வருவது இலத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு. கறுப்பினப் பிள்ளைகளுக்கு வெள்ளையரின் பாதியளவே. ஏ.ஆர்.ஐ.டி.5பி, காட்டா3 ஆகிய பரம்பரையலகுகளின் சில வடிவங்கள் அமெரிக்கப் பழங்குடி வம்சாவளியினரிடம் கூடுதலாக இருப்பது இதற்கு ஒரு காரணம். அந்த வம்சாவளி கூடிய பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம் என்று 2011இல் தெரியவந்தது. அதே ஆய்வில், கீமோதெரபியில் இன்னொரு தீவிரச் சுற்றைச் சேர்த்தபோது அந்தப் பின்னடைவு நீங்கியதும் தெரிந்தது. பரம்பரையை அறிவதன் பயன் சிகிச்சையை அதற்கேற்ப மாற்றுவதில் இருக்கிறது.

இலங்கைப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தப் பயன் ஒரு மாத்திரையில் இருக்கிறது. ஏ.எல்.எல். சிகிச்சையின் இறுதிக் கட்டமான பராமரிப்புச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளை ஒட்டியது. அதன் முதுகெலும்பு, தினமும் வீட்டில் கொடுக்கும் 6-மெர்கப்டோபியூரின். பல சிகிச்சைத் திட்டங்களில் தொடக்க அளவு உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு 75 மி.கி. உடற்பரப்பு 0.7 சதுர மீற்றர் உள்ள பிள்ளைக்கு அது 52.5 மி.கி.; அதாவது நாளுக்கு ஒரு 50 மி.கி. மாத்திரை. இந்த மருந்தை உடலில் செயலிழக்கச் செய்யும் நொதிகளில் இங்கே முக்கியமானவை இரண்டு. ஐரோப்பியரிடம் குறைபாடு அதிகம் காணப்படுவது டி.பி.எம்.டி. என்ற நொதியில், தாய், தந்தையிடமிருந்து ஒவ்வொன்றாக வரும் இரண்டு பரம்பரையலகுப் பிரதிகளில் ஒன்று பத்தில் ஒருவரிடம் குறைபாடுள்ளதாக இருக்கும். அதனால் மேற்கில் பல்லாண்டுகளாக அதை மட்டுமே சோதித்து வந்தார்கள். ஆசியப் பிள்ளைகள் பலருக்கு டி.பி.எம்.டி. சரியாக இருந்தும் வெண்குழியங்கள் அடியோடு விழுந்தன. காரணம் 2014இல் கொரிய நோயாளிகளிடம் தெரியவந்தது: என்.யூ.டி.டி.15 என்ற இன்னொரு நொதி. அதன் குறைபாட்டுப் பிரதி ஐரோப்பியரில் மிக அரிது. கிழக்காசியரின் பிரதிகளில் ஏறத்தாழ பத்து சதவீதமும், தெற்காசியரின் பிரதிகளில் ஏறத்தாழ ஏழு சதவீதமும் அதுதான். அந்தத் தெற்காசியக் கணக்குக்கு அடிப்படையான தரவுகளில் நம்மவரும் இருக்கிறார்கள். 2015இல் முடிந்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தின் 2,504 பேரில் 102 பேர் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்.

ஏழு சதவீதப் பிரதி என்றால் எட்டுப் பேரில் ஒருவர் ஒரு குறைபாட்டுப் பிரதியைச் சுமக்கிறார். இருநூறு பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதிகளும் குறைபாடுள்ளவை. தாய் தந்தையர் மச்சான், மச்சாள் முறையில் மணந்தவர்களாக இருந்தால், கணக்கின்படி அந்த இரண்டாவது வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுப்பத்தில் ஒன்று. முறைப்பெண், முறைமாப்பிள்ளைத் திருமணம் வழக்கிலுள்ள குடும்பங்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வது இதற்காகவும்தான்.

சர்வதேச வழிகாட்டலின் 2018 பதிப்பு, ஒரு குறைபாட்டுப் பிரதி உள்ளவருக்கு வழமையான அளவின் 30 முதல் 80 சதவீதத்தில் தொடங்கச் சொல்கிறது, என்.யூ.டி.டி.15இன் இரண்டு பிரதிகளும் குறைபாடு என்றால் சதுர மீற்றருக்கு 10 மி.கி. மேலே சொன்ன பிள்ளைக்கு அது நாளுக்கு 7 மி.கி. மாத்திரை 50 மி.கி. அளவில் வருவதால், வாரம் முழுவதற்குமான 49 மி.கி. ஏறத்தாழ ஒரே ஒரு மாத்திரை. மற்றப் பிள்ளை ஒரு நாளில் விழுங்குவதை இந்தப் பிள்ளைக்கு வாரம் முழுவதற்கும் பிரித்துக் கொடுக்கவேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதைச் சிகிச்சைப் பிரிவுதான் எழுதித் தரவேண்டும். வீட்டில் மாத்திரையை உடைத்துப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது.

குறைபாடுள்ள பிள்ளைக்குச் சோதிக்காமல் முழு அளவு கொடுத்தால் இரண்டு மூன்று வாரங்களில் நியூட்ரோபில் என்ற வெண்குழிய வகை லீற்றருக்கு 0.5 × 10⁹க்குக் கீழே விழும், காய்ச்சல் வரும், மருந்து நிறுத்தப்படும், ஏறியதும் மறுபடி அதே அளவு, மறுபடி வீழ்ச்சி. இந்த இடைவெளிகளில்தான் நோய் திரும்ப வழி கிடைக்கிறது. இதற்குப் பயந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவைக் குறைத்து வைத்தால், குறைபாடே இல்லாத பெரும்பான்மையினர் போதாத மருந்தில் ஓடுவார்கள். நியூட்ரோபில் 0.5க்கும் 1.5க்கும் இடையில் நிற்கும்படி அளவை ஏற்றி இறக்குவதே சரியான வழி. எண்ணிக்கை மூன்று நான்கிலேயே நின்றால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். மருந்து போதவில்லை, அல்லது மாத்திரை தவறுகிறது. நூறு நாளில் 95 நாளுக்குக் குறைவாக மாத்திரை எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்கைத் தாண்டியது.

சோதனை அறிக்கையிலும் இரண்டு பொறிகள் உண்டு. டி.பி.எம்.டி. நொதியின் செயற்பாட்டைச் செங்குழியங்களில் அளப்பார்கள். இரத்தம் ஏற்றிய பிள்ளையில் அப்படி அளந்தால் கிடைப்பது இரத்ததானம் செய்தவரின் நொதி. பரம்பரையலகுச் சோதனையே நம்பத்தக்கது. அடுத்தது, மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது டி.பி.எம்.டி. மட்டும் பார்த்து "சாதாரணம்" என்று வரும் அறிக்கை. அது ஐரோப்பியப் பிள்ளைக்குத் தரும் நிம்மதியைத் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைக்குத் தராது. இரண்டையும் கேட்டு அனுப்பவேண்டும். வசதி இல்லாத இடத்தில் முதல் எட்டு வாரங்களுக்கு வாராவாரம் எஃப்.பி.சி. எடுப்பது அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

ஏ.எம்.எல். வகைகளில் இட வித்தியாசம் அதிகம் பேசப்படுவது ஏ.பி.எல். எனப்படும் உட்பிரிவில். பெரும்பாலான நாடுகளில் ஏ.எம்.எல். நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதமாக இருக்கும் இது, இலத்தீன் அமெரிக்காவில் 20 சதவீதத்தையும் தாண்டுகிறது. முரசில் (பல் ஈறில்) இரத்தம் வடிதல், காரணமில்லாத கண்டல் என்று தொடங்கி, கவனிக்காவிட்டால் மூளைக் குருதிக்கசிவில் முடியும். ஷாங்காயில் வாங் செனியி 1980களில் தொடங்கிய ஆல்-ட்ரான்ஸ் ரெட்டினொயிக் அமிலமும், ஹார்பினிலிருந்து வந்த ஆர்செனிக் ட்ரையொக்சைட்டும் சேர்ந்து இதைப் பத்தில் ஒன்பது பேர் குணமாகும் நோயாக மாற்றிவிட்டன. ஆனால் பிரேசிலில் முதல் வாரங்களிலேயே 32 சதவீதமானோர் இறந்துகொண்டிருந்தார்கள். நோய் அங்கே கொடியது என்பதால் அல்ல. மருந்து தொடங்கத் தாமதமானதால். பிரேசில், மெக்சிக்கோ, சிலி, உருகுவே வைத்தியர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, சந்தேகம் வந்த அன்றே ரெட்டினொயிக் அமில மாத்திரையைத் தொடங்குவது, பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் தாராளமாக ஏற்றுவது என்று ஒழுங்கு செய்தபோது அது 15 சதவீதமாக இறங்கியது. கொழும்புக்கு இது அப்படியே பொருந்தும். நிறமூர்த்தச் சோதனையின் முடிவு வரட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாத லுக்கேமியா இது.

என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தேவைப்படுவோருக்கு வம்சாவளி இன்னொரு விதமாகக் குறுக்கே வருகிறது. திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. கூறுகள் கூடப்பிறந்த ஒருவரோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது கிடைக்காவிட்டால் உலகப் பதிவேடுகளில் தேடவேண்டும். அமெரிக்கப் பதிவேட்டில் ஐரோப்பிய வம்சாவளியினரில் நான்கில் மூவருக்குப் பொருத்தமானவர் கிடைக்கிறார். தெற்காசியருக்கு அப்படி இல்லை. பதிவு செய்தவர்கள் குறைவு, நம் கூறுகளின் சேர்க்கைகளோ பல. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேடும், கனடா, பிரித்தானியப் பதிவேடுகளில் சேர்ந்துள்ள தமிழர்களுமே இலங்கைத் தமிழ் நோயாளிக்கு நெருங்கிய களஞ்சியங்கள். நெருங்கிய உறவில் மணந்த குடும்பங்களில் பெற்றோரோ பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோகூடச் சிலவேளை முழுமையாகப் பொருந்துவதுண்டு. ஆகவே அங்கே சகோதரரோடு தேடலை நிறுத்திவிடக்கூடாது. ரொறன்ரோவிலிருந்து கையேடு அனுப்பும் இளைஞருக்கு, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி அந்த மாதிரியைப் பதிவேட்டுக்கு அனுப்பிவைக்கச் சில நிமிடங்கள் போதும்.